படியும் மணியும்: நடுநிலைப் பள்ளியில் வட்டாரத் தொழிலாளர் வரலாறு



ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கு அவர்கள் வாழும் வட்டாரத்தின் தொழிலாளர் வரலாற்றை எவ்வாறு கற்பிப்பது என்னும் வினாவை இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது. இவ்வினாவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. தலைவர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லி அதன் வழியே போராட்டத்தை அறிமுகப்படுத்துவது ஒன்று. ஆண்டு, ஊர், நிகழ்ச்சி என வேலைநிறுத்தங்களை வரிசைப்படுத்துவது மற்றொன்று. பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு முதல் வழி வணங்கத்தக்க ஒரு படத்தையும், இரண்டாம் வழி மனப்பாடம் செய்யத்தக்க ஒரு பட்டியலையும் தருகின்றனவே தவிர, தன் வீட்டுப் பெரியவர்கள் உழைத்த உழைப்புக்கும் தன் பாடநூலுக்கும் தொடர்புண்டு என்னும் உணர்வை இரண்டும் தருவதில்லை.

இச்சொற்பொழிவின் மையக் கருத்து பின்வருமாறு: தொழிலாளர் வரலாறு என்பது அளவுகளைப் பற்றிய நீண்ட வழக்கு. எத்தனை மணி நேரம் உழைப்பது, எத்தனை படி நெல் பெறுவது, எத்தனை கிலோ கொழுந்து பறித்தால் ஒரு நாள் வேலை நிறைவடைந்ததாகக் கொள்வது, அதை அளக்கும் கருவி எவர் கையில் இருப்பது என்னும் கேள்விகளே ஒவ்வொரு வேலைநிறுத்தத்தின் உள்ளேயும் இருந்திருக்கின்றன. ஆகவே நடுநிலைப் பள்ளி மாணவர் இவ்வரலாற்றுக்குள் அளவைகளின் வாயில் வழியே நுழையவேண்டும். ஆளுமைகளும் நிகழ்ச்சிகளும் அதன்பின் வரவேண்டும். கணக்குப் பாடத்தில் அளவைகளைக் கற்கும் வயதும் இதுவே. ‘இது நியாயமா’ என்னும் கேள்வி குழந்தையின் வாயில் அடிக்கடி எழும் வயதும் இதுவே.

தலைப்பில் உள்ள இரு சொற்களுக்கும் சிறு விளக்கம் தேவை. மணி என்னும் சொல் நேரத்தையும், நேரத்தை அறிவிக்கும் கருவியையும், நெல்லின் ஒற்றை வித்தையும் குறிக்கிறது. படி என்பது தானியம் அளக்கும் கருவி. உழைப்பவர்க்கு அன்றாடம் அளிக்கப்படும் உணவுச் செலவுக்கும் அதுவே பெயர். விலைவாசி உயர்வுக்கு ஈடாக ஆலைத் தொழிலாளர் பெறும் தொகை பஞ்சப்படி என வழங்கப்படுவதில் பஞ்சமும் படியும் ஒரே சொல்லாகி நிற்கின்றன. சம்பளம் என்னும் சொல் சம்பா நெல்லிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் பிறந்தது என்னும் விளக்கமும் வகுப்பறைகளில் விரும்பிச் சொல்லப்படுகிறது. அது கேட்பதற்கு இனியது என்பதற்காகவே அதை முடிந்த முடிபாகக் கற்பிப்பது முறையன்று, மக்கள் வழங்கும் விளக்கம் என்ற அளவிலேயே அது மாணவரிடம் சென்று சேரவேண்டும்.

1. வட்டாரம் என்பது எது

மாவட்ட எல்லை ஆட்சியின் வசதிக்காக வரையப்பட்டது. தொழிலாளர் வரலாற்றுக்குரிய வட்டாரம் வேறு வகையில் அமைகிறது: ஒரு மில்லின் சங்கொலி கேட்கும் தொலைவு, ஒரு வாய்க்கால் நீர் பாயும் பரப்பு, ஒரு தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் களத்துக்கு நடந்து வரக்கூடிய எல்லை ஆகியவையே அதன் வரம்புகள். சென்னைப் பெரம்பூர் ஒரு வட்டாரம். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த ரயில்வே பணிமனையைச் சுற்றி எழுந்த திருச்சிப் பொன்மலை ஒரு வட்டாரம். 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லையும், 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் மளமளவென எழுந்த பஞ்சாலைகளையும் கொண்ட கோவைச் சுற்றுப்புறம் ஒரு வட்டாரம். கீழத் தஞ்சை, வால்பாறை, சிவகாசி ஆகியவையும் அவ்வாறே. இவை ஒவ்வொன்றிலும் அளக்கப்பட்ட பொருள் வேறு, அளவை வேறு, ஆகவே தகராறும் வேறு. ஒரே பாடத்தை மாநிலம் முழுமைக்கும் எழுதி அனுப்பினால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

தலைவரை முன்வைத்துக் கற்பிக்கும் முறையில் எது விடுபடுகிறது என்பதற்கு வ.உ.சிதம்பரம் பிள்ளையே சிறந்த சான்று. அவர் கப்பல் விட்டதும் சிறையில் செக்கிழுத்ததும் தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லார்க்கும் தெரியும். கப்பலுக்கும் செக்குக்கும் இடையில் ஒரு மில் இருந்தது என்பது பெரும்பாலோர்க்குத் தெரியாது. தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர், கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கைகளுள் முதன்மையானவை, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர் வெற்றியோடு வேலைக்குத் திரும்பினர். மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானதும் மில் தொழிலாளர் மட்டுமன்றி, நாவிதர், சலவைத் தொழிலாளர், வண்டியோட்டிகள் எனப் பலரும் தூத்துக்குடியில் வேலையை நிறுத்தினர். வக்கீல் ஒருவர் கப்பல் நிறுவனம் நடத்தினார் என்ற செய்தியோடு, தங்களுக்கு வார விடுமுறை பெற்றுத்தந்தவருக்காக ஓர் ஊரே கைத்தொழிலை நிறுத்தியது என்ற செய்தியும் சேர்ந்தால்தான் வ.உ.சி. ஏன் அத்தனை கடுமையாகத் தண்டிக்கப்பட்டார் என்பது மாணவருக்கு விளங்கும். ஞாயிற்றுக்கிழமை என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று என்பதைத் தூத்துக்குடி மாணவர் தம் ஊரின் பெயரால் அறிந்துகொள்வார்.

2. மணி: வயதும் நேரமும்

நேரம் என்னும் அளவை ஏழாம் வகுப்பு மாணவருக்கு எடுத்துக்காட்ட மிகச் சிறந்த கருவி தொழிற்சாலைச் சட்டங்களே. சட்டம் கற்பிப்பது என்றால் ஆசிரியர்கள் தயங்குவது இயல்பு; ஆனால் இச்சட்டங்களில் வயதும் மணிக்கணக்குமே மாணவருக்கு வேண்டியவை, அவ்விரண்டையும் பன்னிரண்டு வயதுக் குழந்தை நன்கு அறியும்.

1881-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை ஆலை வேலையிலிருந்து விலக்கியது. ஏழு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது நிரம்பாதவர்க்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என வரம்பிட்டது. பெரியவர்களுக்கு எந்த வரம்பும் இடவில்லை. எந்திர விசையில் இயங்கி, நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளுக்கு மட்டுமே அது பொருந்தியது. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்த வயதை ஒன்பதாக உயர்த்தி, பதினான்கு வயது வரையுள்ளோரின் வேலையை 7 மணி நேரமாகக் குறைத்தது. பெண்களுக்கு 11 மணி நேரம் என வகுத்தது. 1922-இல் குறைந்த வயது பன்னிரண்டாயிற்று; பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு 6 மணி நேரமும், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 60 மணி நேரமும் வரம்பாயின. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் இவ்வார வரம்பு 1934-இல் 54 மணியாகவும், விடுதலைக்கு முன்பே 1946-இல் 48 மணியாகவும் குறைந்தது. பதினான்கு வயது நிரம்பாதவர் ஆலையில் வேலை செய்யவே கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

இத்தகவலைக் கரும்பலகையில் ஒரு கட்டமாக எழுதிவிட்டு, பன்னிரண்டு வயது நிரம்பிய மாணவர் ஒவ்வொருவரும் தம்மை ஒவ்வோர் ஆண்டிலும் நிறுத்திப் பார்க்கும்படி ஆசிரியர் சொல்லலாம். 1881-இல் அம்மாணவர் சட்டத்தின் கண்ணில் குழந்தையே அல்லர். அவருடைய உழைப்புக்கு நேர வரம்பே இல்லை. 1891-இல் அவர் மீண்டும் குழந்தையாகி 7 மணி நேரம் வேலை செய்கிறார். 1922-இல் அவர் ஆலை வாயிலுக்குள் அப்போதுதான் அனுமதிக்கப்படுகிறார். 1948-இல் அவர் வெளியே நிற்கிறார். குழந்தை என்னும் சொல்லின் பொருளே சட்டம் வகுத்த ஓர் அளவு என்பதும், அவ்வளவு நாலைந்து முறை நகர்த்தப்பட்டது என்பதும், பள்ளிச் சீருடையில் தான் அமர்ந்திருப்பது அந்த நகர்வின் விளைவு என்பதும் இப்பயிற்சியில் வெளிப்படுகின்றன. எவர் நகர்த்தினார் என்னும் கேள்வி மாணவரிடமிருந்தே எழும். குழந்தைகள்பால் இரக்கம் கொண்டோரின் குரல் ஒரு பக்கம். இந்திய ஆலைகள் மலிவாக உற்பத்தி செய்வதைக் கண்டு பொறாத இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தல் மற்றொரு பக்கம். தொழிலாளரின் சொந்தக் குரல் பின்னர் வந்து சேர்ந்த மூன்றாம் பக்கம். நன்மை செய்த சட்டம் ஒன்றின் பின்னே கலப்பான நோக்கங்கள் இருக்கக்கூடும் என்பதை இவ்வயது மாணவர் ஏற்றுக்கொள்ள வல்லவரே.

மூன்றாம் பக்கமான தொழிலாளர் குரலுக்குப் பெரம்பூர் தக்க இடம். அங்கே பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாடிக் மில்கள் இருந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று அத்தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் முதலாவதாக அது போற்றப்படுகிறது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதற்கு வித்திட்டனர், பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.கலியாணசுந்தரனார் துணைத் தலைவரானார். திரு.வி.க. அதற்குச் சிறிது காலம் முன்புவரை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் என்பதை ஆசிரியர்கள் நிறைந்த இவ்வவையில் நினைவூட்டுவது பொருத்தமே.

அச்சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று, நண்பகல் உணவு இடைவேளையை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக உயர்த்தவேண்டும் என்பது. பெரிய வரலாற்று நூல்கள் ஒரே வரியில் கடந்து செல்லும் இச்செய்தியில்தான் நடுநிலைப் பள்ளி வகுப்பு நெடுநேரம் நிற்கவேண்டும். அந்தப் பத்து நிமிடம் எதற்கு? பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் எந்திரத்தை விட்டு வெளியே வரவேண்டும், பஞ்சுத் தூசி படிந்த கையையும் முகத்தையும் கழுவ வரிசையில் நிற்கவேண்டும், உணவை உண்ணவேண்டும், மீண்டும் எந்திரத்துக்கு ஓடவேண்டும், தாமதித்தால் கூலி குறையும். மாணவர்கள் தம் பள்ளியின் மதிய உணவு வேளையைக் கடிகாரம் கொண்டு அளக்கலாம்: வரிசையில் நின்றது எத்தனை நிமிடம், தட்டுக் கழுவியது எத்தனை நிமிடம், உண்மையில் உண்டது எத்தனை நிமிடம் என்று மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால், பத்து நிமிடத்துக்காகப் பெரியவர்கள் சங்கம் கூடியது எதனால் என்பதை எவரும் அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இந்தச் சங்கத்தின் மேல் தொடுக்கப்பட்ட வழக்கு இந்தியச் சட்ட வரலாற்றையே மாற்றியது. தொழிலாளரைத் தூண்டி நிறுவனத்துக்கு நட்டம் விளைவித்ததாக வாடியா முதலானோர் மீது மில் நிர்வாகம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணையும் பெற்றது. சங்கம் அமைப்பதே குற்றமாக மாறக்கூடும் என்ற நிலையில், 1921-இல் மத்திய சட்டமன்றத்தில் என்.எம்.ஜோஷி இதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார்; 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் அவ்வழியில் பிறந்தது. பெரம்பூரின் பத்து நிமிடத்திலிருந்து நாடு முழுமைக்குமான ஒரு சட்டம் வரை கோடு இழுத்துக் காட்டும்போது, வட்டார வரலாறு என்பது தேசிய வரலாற்றின் சிறு பதிப்பு என்னும் தவறான எண்ணமும் மாறும்.

1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க இடந்தரும் சட்டத்திருத்தம் ஒன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தபின் மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மாணவர் பிறந்தபின் நடந்த நிகழ்ச்சி இது. மணியைப் பற்றிய வழக்கு முடிந்துபோன பாடம் அன்று என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

3. படி: நெல்லும் கூலியும்

கடிகாரம் இல்லாத வயலில் அளவை வேறு உருவம் கொள்கிறது. கீழத் தஞ்சையில் மிராசுதார் என வழங்கிய நிலவுடைமையாளரிடம் பரம்பரையாகக் கட்டுண்டு உழைத்தவர் பண்ணையாள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அவர்களின் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. மரபு வாய்பாட்டின்படி எட்டுப் படி கொண்டது ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம்; ஆக ஒரு கலம் 96 படி. வாய்பாடு ஒன்றாயினும் மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறொரு மரக்கால். குவித்து அளப்பது ஒரு முறை, தலைதட்டி அளப்பது வேறொரு முறை. பழைய படி ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, ஒரு தடவை குவித்தும் ஒரு தடவை தலைதட்டியும் அளந்து இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால், அளப்பவர் கையசைவிலேயே கூலி கூடவும் குறையவும் முடியும் என்பது கணக்குப் பாடமாகவும் வரலாற்றுப் பாடமாகவும் ஒரே வேளையில் மாணவருக்குப் புலப்படும்.

1940-களில் பி.சீனிவாசராவ் முதலானோர் அமைத்த விவசாயிகள் சங்கம் கூலி உயர்வோடு சாட்டையடி, சாணி கரைத்த நீரைக் குடிக்கச் செய்யும் சாணிப்பால் ஆகிய கொடுந்தண்டனைகளின் ஒழிப்பையும் கோரியது. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நெல்லின் அளவும் உடலின் மானமும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன என்பதை ஆசிரியர் பிரித்துவிடக் கூடாது; சாட்டை பிடித்த கையே மரக்காலையும் பிடித்திருந்தது.

இவ்விடத்தில் கீழ்வெண்மணியைப் பற்றிப் பேசாமல் செல்ல இயலாது. 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்டும் சங்கக் கொடியை இறக்க மறுத்தும் நின்ற விவசாயத் தொழிலாளர் குடியிருப்பில், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலிச் சிக்கலை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் தண்டிக்கப்பட்டிருந்த நிலவுடைமையாளர்களை விடுவித்தது. இதைப் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லலாமா என்னும் தயக்கம் நேர்மையானது. இறந்தவர்களுள் அவ்வயதுக் குழந்தைகளும் இருந்தனர் என்பதே அதற்குரிய விடை. தன் வயதினர் இறந்த ஒரு நிகழ்ச்சியைத் தன்னிடமிருந்து மறைப்பது குழந்தையைக் காப்பதாகாது. ஆனால் சொல்லும் முறையில் கட்டுப்பாடு வேண்டும். எரிந்த குடிசையின் படங்களைக் காட்டவேண்டியதில்லை. அவ்விரவை நடித்துக் காட்டச் செய்வது பெருந்தவறு. கேட்கப்பட்ட கூலி எவ்வளவு, மறுக்கப்பட்டது ஏன், சட்டம் எப்போது வந்தது, நீதிமன்றம் என்ன சொன்னது என்னும் நான்கு கேள்விகளோடு பாடம் நிற்கலாம். வகுப்பு அதன்பின் சிறிது நேரம் பேசாமல் இருந்தால், அந்த அமைதியை ஆசிரியர் கலைக்காமலிருப்பதும் கற்பித்தலே.

4. பேர்: மலைத் தோட்டங்கள்

தேயிலைத் தோட்டத்தில் அளவை மூன்றாம் உருவம் எடுக்கிறது. இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்று பெயர். குறித்த எடைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ மட்டுமே போடப்படும். பகல் முழுதும் மலைச்சரிவில் நின்ற ஒருவர் கணக்கேட்டில் அரை மனிதராகிவிடும் கொடுமையை இச்சொல்லைப்போல் வேறெதுவும் காட்டாது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துச் சென்றவர் கங்காணி. வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளர் கங்காணிக்குப் பட்ட கடனைக் குறித்துத் தந்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அக்கடனைத் தீர்த்தாலன்றி அவர் வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. 1921-இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. பயணச் செலவே முதற்கடனாக ஏறிய இம்முறையில், தொழிலாளர் முதல் நாள் வேலைக்குப் போகும் முன்பே அளக்கப்பட்டுவிட்டார்.

இப்பாடம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் இரு அரசுகளும் எண்ணிப் பிரித்துக்கொண்டன. திரும்பியோருட் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலையளிக்கவே தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் உள்ளன. அங்குள்ள பள்ளிகளில் இன்று பயிலும் குழந்தைகளுள் பலர் அக்குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர். லயம் (வரிசைக் குடியிருப்பு), கொழுந்து, கங்காணி என்னும் சொற்கள் அவர்களின் வீட்டில் இன்னும் வழங்குகின்றன. பாடநூலில் அவற்றைக் காணும் குழந்தை தன் பாட்டியின் பேச்சு அச்சேறியிருப்பதைக் காணும்.

5. அளவுக்கு வெளியே நின்றவர்கள்

அளவை வழியே கற்பிக்கும் முறைக்கு ஓர் ஆபத்து உண்டு: அளக்கப்படாத உழைப்பு பாடத்திலும் விடுபட்டுவிடும். சென்னை மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையில் நான்கு ஆண்கள் பாறையை நகர்த்துகின்றனர். கம்பீரமான படைப்பு அது. ஆயினும் நாற்று நட்டவரும் கொழுந்து பறித்தவரும் அதில் இல்லை. வயல் கூலியில் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு அதனிற் குறைந்த அளவு என்பதே வழக்கமாக இருந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என 1976-இல் மத்தியச் சட்டம் வந்தபின்னும் அவ்வழக்கம் பல ஊர்களில் மறையவில்லை. சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டிய தாய்மாரின் உழைப்பு, 144 பெட்டி கொண்ட குரோஸ் கணக்கில் அளக்கப்பட்டதே தவிர மணிக்கணக்கில் அளக்கப்படவில்லை. அடுப்புக்கும் பசைக்கும் இடையே கழிந்த நேரத்துக்கு எவரிடமும் கணக்கில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கிய 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களித்தது. அந்த விலக்குக்குள் தம் மாலைப்பொழுது அடங்குகிறதா என்று எண்ணிப்பார்க்கும் மாணவர் சிலரேனும் வகுப்பில் இருப்பர்.

சாதியைப் பற்றிய பேச்சு இதனினும் கடினமானது. 1921-இல் பெரம்பூர் மில்களில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளருட் பலர் பணிக்குத் திரும்பினர், அவ்வகுப்பின் தலைவர் எம்.சி.ராஜா அவர்களின் சார்பில் பேசினார். புளியந்தோப்பில் மோதலும் தீவைப்பும் நிகழ்ந்தன. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. நிர்வாகத்தின் சூழ்ச்சி என்று இதை ஒரே சொல்லில் முடிப்பவர் உண்டு. திரும்பியவரைத் துரோகி என்று முடிப்பவரும் உண்டு. இரண்டும் குழந்தைக்குத் தரத்தக்க விடைகள் அல்ல. சேமிப்பும் நிலமும் உறவினர் துணையும் இல்லாத ஒரு குடும்பம் கூலியின்றி எத்தனை வாரம் தாங்கும், ஆலைக்கு வெளியே தம்மைத் தீண்டாதவர்களோடு ஆலைக்குள் ஒன்றாக நிற்பதற்கு அவர்களுக்குச் சங்கம் எந்த உறுதியை அளித்தது என்னும் இரு கேள்விகளையும் வகுப்பின் முன் வைக்கவேண்டும். தொழிலாளர் ஒற்றுமையை மதிக்கும் ஆசிரியருக்கே இது அதிகம் வலிக்கும். அவர்தான் இதைச் சொல்லவும் தகுந்தவர்.

6. வகுப்பறைக்குரிய சில முறைகள்

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் வாய்மொழி வரலாறே இப்பாடத்தின் முதன்மைப் பயிற்சி. அதற்கு ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்னும் பொதுக்கேள்வி பயன்படாது. பெரியவர் ‘என்னத்தைச் சொல்ல, எல்லாம் கஷ்டந்தான்’ என்று முடித்துவிடுவார். வேலைக்குக் கிளம்பியது எத்தனை மணிக்கு, கூலியை அளந்தது எது, அளந்தவர் யார், அளவு சரியில்லை என்று தோன்றினால் யாரிடம் சொல்ல முடிந்தது என அளவைப் பற்றிக் கேட்டால் நினைவு திறந்துகொள்ளும். ஒரே வகுப்பில் மிராசுதார் பேரனும் பண்ணையாள் பேத்தியும், மில் முதலாளி வீட்டுக் குழந்தையும் வேலை இழந்த தொழிலாளியின் குழந்தையும் அமர்ந்திருக்கக்கூடும். ஆகவே வீட்டில் கேட்டறிந்ததைப் பெயர் சொல்லி உரக்கப் படிக்கச் செய்வதைத் தவிர்த்து, அளவுகளை மட்டும் ஒரு பொதுத்தாளில் ஒட்டச் செய்வது நல்லது. தாத்தாவின் செயலுக்குப் பேரன் குற்றவாளி ஆகமாட்டான் என்பதை ஆசிரியர் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிடவேண்டும்.

தேர்வைப் பற்றி ஒன்று கூறவேண்டும். சங்கம் தோன்றிய ஆண்டைக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவாக இப்பாடம் சுருங்கினால் இத்தனை முயற்சியும் வீணாகும். மாணவரிடம் ஒரு பழைய சம்பளச் சீட்டைக் கொடுத்து, அதில் பிடித்தம் எவை, பஞ்சப்படி எவ்வளவு, வேலைநாள் எத்தனை என்று படித்துச் சொல்லச் செய்வதே தக்க தேர்வு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தொகை தரப்படும் என்னும் பேச்சை நம்பி மேற்கு மாவட்ட நூற்பாலை விடுதிகளுக்குச் சென்ற பெண்பிள்ளைகளைக் கருதினால், சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிவது எத்தகைய பாதுகாப்பு என்பது விளங்கும். அவர்களுக்கு அதைக் கற்பித்திருக்கவேண்டிய கடைசி வகுப்பு எட்டாம் வகுப்பே.

இறுதியாக, பள்ளிதோறும் ஓர் அலமாரி. பெரம்பூரில் மில்கள் 1996-இல் மூடப்பட்டன. கோவையில் பல மில்களின் சங்கு ஓய்ந்துவிட்டது. மரக்கால்கள் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டன. எஞ்சியிருக்கும் படி, மில் பில்லை, சங்கச் சந்தா ரசீது, கொழுந்துக் கூடை, வருகை அட்டை ஆகியவற்றை மாணவர்களே திரட்டலாம். ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் ஓர் அட்டை. அட்டையில் நான்கு வரி: பொருளின் பெயர் என்ன, யாருடைய கையில் இருந்தது, எதை அளந்தது, அந்த அளவை யார் மறுத்துக் கேட்டார். முதல் மூன்றுக்கும் விடை எளிதில் கிடைக்கும். நான்காம் வரியை நிரப்ப மாணவர் ஊருக்குள் நடக்கவேண்டியிருக்கும், ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று முறை செல்லவேண்டியிருக்கும். அப்படியும் விடை கிடைக்காத பொருளின் அட்டையில் அவ்வரியை வெறுமையாகவே விட்டு, அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வருபவர்களிடம் ஒப்படைக்கலாம்.